சவுரி பாடினால்தான் ஆஸ்பத்திரி

— சாமி பாட்டுன்னு நெனச்சுட்டா சார் அவ! கண்ண மூடிக்கினு, கையக் கூப்பிக்கினு நிக்கிறா. உள்ள டிரம்மு டமடமன்னு அடிக்கிறான். ஏய், இது டான்ஸ் பாட்டுடின்றேன். ‘சும்மா இரு, கிறிஸ்மஸ் அன்னிக்கு வேற இன்னா பாடுவாங்க’ன்றா.

— யாரு மேன், உன் சம்சாரமா?

— ஆமா சார், செண்பகம். எம் பேரு பாண்டுரங்கன், வளவனூரு. கல்யாணமான புதுசுல விழுப்புரம் ரயில்வே காலனிக்குப் பால் ஊத்திக்கினு இருந்தோம். அங்க ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல நடக்கிற கிறிஸ்மஸ் டான்ஸுக்கு நம்மளையெல்லாம் உள்ள உடமாட்டாங்க. பின்னால கரிக்குவியல் மேல ஏறினா ஜன்னல் வழியா தெரியும். அங்கதான் சவுரியப் பாத்தோம்.

— எந்த சவுரி?

— இன்னா சார், திண்டிவனத்துல பஸ் ஏறிட்டு எந்த சவுரின்றீங்க? சவுரிராயன்! லோகோ ஷெட்டுல ஃபயர்மேன். பகல்ல பாத்தா மூஞ்செல்லாம் கரி. சாயங்காலம் பாருங்க, சுருட்டி உட்ட முடி, டைட் பேண்ட்டு, கழுத்துல கிட்டாரு. ராக் அண்ட் ரோல்! இடுப்ப ஒரு ஆட்டு ஆட்டினாருன்னா காலனிப் பொண்ணுங்க கத்துற கத்துல இஞ்சின் விசிலு தோத்துப்பூடும்.

— ஓவரா வுடாத மேன். அவனுக்கு இங்கிலீஷே அரகொற. ரெக்கார்டு கேட்டு வாயால புடிச்சவன். வரி மறந்துச்சுன்னா வாய்க்கு வந்தத போட்டு அடிச்சுருவான்.

— அதான் சார் அழகே! ஒரு தடவ இங்கிலீஷ் பாட்டு நடுவுல ‘மல்லாட்டை மல்லாட்டை’ன்னு பாடினாரு, சத்தியமா! அன்னிக்கு கரி மேல குந்திக்கினு நாங்க வறுத்த மல்லாட்டையத்தான் தோல் உரிச்சுத் தின்னுக்கினு இருந்தோம். எங்களப் பாத்துட்டுதான் பாடினாருன்னு செண்பகம் இன்னிக்கும் சொல்லுவா.

— பாத்துருப்பான்.

— அப்டியா சொல்றீங்க? இதக் கேட்டா எவ்ளோ சந்தோசப்படுவா! புள்ளைங்க எல்லாத்தையும் அந்தப் பாட்டப் பாடித்தான் தூங்க வெச்சா. ராக் அண்ட் ரோலுக்கு எந்தப் புள்ளையாச்சும் தூங்குமா? எங்க வீட்ல தூங்குச்சுங்க.

— சரி, திண்டிவனத்துக்கு இன்னா ஜோலியா வந்த?

— அவரத் தேடிக்கினுதான். இப்ப அங்கதான் இருக்காருன்னாங்க. செண்பகத்துக்கு நெஞ்சுல கோளாறு சார். நாளன்னைக்கு பாண்டிச்சேரில ஆபரேஷன். மயக்க மருந்து குடுத்தா திரும்ப எழுந்துக்க மாட்டேன்னு பயந்துக்கினு, வரவே மாட்டேன்றா. டாக்டரு சொல்லிட்டாரு, புள்ளைங்க அழுதுட்டாங்க, ஒண்ணும் நடக்கல. நேத்து சொல்றா, ‘அந்த சவுரி வந்து ஒரு பாட்டு பாடட்டும், வண்டில ஏறிடறேன்’றா. அவரு கேசட்டு கீசட்டு எதனா போட்டிருந்தா வாங்கியாந்து கேக்க வெச்சிருப்பேன்.

— அது சாக்கு மேன். அவன் வரமாட்டான்னு தெரிஞ்சுதான் அப்டிக் கேக்குது.

— தெரியாமயா சார்? ஆனா சொன்ன சொல்லு மாற மாட்டா. அவரு வந்து நின்னாருன்னா ஏறிடுவா.

— அவன எனக்குத் தெரியும். தொண்டையில கட்டி வந்து ஆபரேஷன் பண்ணாங்க. பொழச்சா முடி குடுக்கிறேன்னு வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கினான், போன வாரம்தான் குடுத்துட்டு வந்தான். பேசறதே பெரிய பேஜாரு அவனுக்கு.

— பாடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரா?

— இல்ல. பாடிப் பாருன்னுதான் சொன்னாரு.

— அப்புறம் இன்னா?

— பயம் மேன். வாயத் தொறந்து அந்தப் பழைய சத்தம் வரலைன்னா? பாடிப் பாக்காத வரைக்கும், அது உள்ளதான் கீதுன்னு நெனச்சுக்கலாம் இல்ல?

— செண்பகமும் இதேதான் சொல்றா சார். ஆஸ்பத்திரிக்குப் போவாத வரைக்கும் நான் நல்லாதான் இருக்கேன்றா.

— ஜன்னலச் சாத்து மேன், காத்து அடிக்குது.

— விக்கிரவாண்டி வந்துருச்சு சார். அடுத்தது விழுப்புரம்தான்.

— சொல்றதக் கேளுய்யா. அந்த முடி இல்ல, அந்தக் குரலு இல்ல. உன் சம்சாரம் மனசுல இருக்கிற சவுரி அப்டியே இருந்துட்டுப் போவட்டும். அவன் வரமாட்டான். உட்ரு.

— அவன் வரமாட்டான்னு சொல்லாதீங்க சவுரிணா. நான் வரமாட்டேன்னு சொல்லுங்க. இங்கியே எறங்கிப் போயிடறேன்.

— யோவ்! உனக்கு யாரு சொன்னது?

— உங்க பொண்ணு ஆஷ்லின்தான். வீட்டுக்குப் போயி, உள்ளத எல்லாம் சொன்னேன். ‘அப்பா மொட்டையோட இப்பதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறாரு, ஜல்தி ஓடுங்க. எடுத்த எடுப்புல பாட்டுன்னு கேக்காதீங்க, எழுந்து போயிடுவாரு. பக்கத்துல குந்திப் பேசுங்க’ன்னுச்சு.

— கழுதைக்கு வாய் நீளம்.

— கோச்சுக்காதீங்கணா. ஆனா நான் சொன்னதுல ஒண்ணு கூட பொய் இல்ல. கரிக்குவியல்ல நின்னது, அவ கை கூப்பினது, எல்லாம் சத்தியம். எனக்கு அவ வேணும் அண்ணா. அவ இல்லாத வீட்ல நான் இன்னா பண்ணுவேன்?

— அழாத மேன், பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க. அங்க வந்து எனக்கு சத்தம் வரலைன்னா?

— வரலைன்னா வரல. எங்க மாட்டுக் கொட்டாய்க்கு வந்த மொத ராக் அண்ட் ரோல்காரரு நீங்கதான்.

— பாட்டு வருதோ இல்லியோ, மயக்க மருந்து ஏத்திக்கினு முழிச்சு எழுந்து வந்தவன் நான். அத அந்தம்மா மூஞ்சியப் பாத்து சொல்லணும். விழுப்புரத்துல எறங்குனா, வளவனூருக்கு எந்த பஸ்ஸு மேன்?