நாற்பத்தொன்றாம் எண் ஊசித்தட்டான்

தட்டான் வேறு, ஊசித்தட்டான் வேறு, இன்ஸ்பெக்டர். உங்கள் ஏட்டு இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறார். தட்டான் உட்காரும்போது சிறகை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் ஒடிசல்; சிறகை முதுகின் மேல் மடித்துக்கொள்ளும். கல்லூரியில் வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

விலங்கியலில் தில்லைநாயகம் என்றால் நாலு பேருக்குத் தெரியும். எல்லாம் ஒரே ஒரு கட்டுரையால். உடம்பு பெரிய ஆண் ஊசித்தட்டான்தான் அதிக நாள் பிழைக்கும், அதற்குத்தான் பெண்ணும் அதிகம் கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். துறைத்தலைவர் நாற்காலி அதனால் வந்தது. செல்வமணியும் அதைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்தாள். ஏரல்காரி. அப்பா இல்லை. அம்மா சொர்ணாம்பாள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று அவளைப் படிக்கவைத்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆழ்வார்திருநகரிக்குக் கீழே, கோரை மண்டிய ஆற்றோரத்தில் வேலை. பூச்சியை வலையில் பிடித்து, சிறகை அளந்து, அதில் பேனாவால் எண் போட்டு விட்டுவிடுவோம். பிறகு தினமும் போய், எந்த எண் இருக்கிறது, எது ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். கண் சிறகைவிட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் ஆள் தப்பிவிடும். காலடியைப் பார்த்து நடக்கிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் பருவத்திலேயே எல்லாம் தலைகீழாகப் போயிற்று. பெரிய ஆண்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்க, பொடிசுகள் அதற்குள் கிளம்பி, காற்றில் சட்டென்று திரும்பி, பெண்ணைப் பிடித்துக்கொண்டு போயின. ஆயுளிலும் பெரியவற்றுக்கு அவை இளைத்தவை அல்ல. செல்வமணி அதைக் குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது எனக்கு என் நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. பழைய கட்டுரையில் நான் எனக்கு ஒத்துவராத பொடிசுகளைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். கிளறினால் அது வெளியே வந்துவிடும்.

ஆகவே அவள் ஏரலுக்குப் பஸ் ஏறிய பிறகு, சாயங்காலங்களில் நான் மட்டும் ஆற்றுக்குத் திரும்பினேன். எண் போட்ட பொடிசுகளைப் பிடித்து விரலால் நசுக்கினேன். மறுபடி கண்ணில் படாதது செத்தது என்பதுதான் எங்கள் வழக்கம். யாரும் பிணத்தைக் கேட்கமாட்டார்கள். அது அயோக்கியத்தனம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

செல்வமணி விவரமானவள். ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். “சார், பொடிசுகளா பாத்துக் காணாமப் போவுது. பஞ்சுருட்டான் குருவி என்ன, ஸ்கேல் வச்சு அளந்தா திங்குது?” பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலமும் ஆள் போட்டுக் காவல் இருக்கலாமா என்று யோசனை கேட்டாள். என்னிடமே கேட்டாள், பாவம். நல்ல யோசனை என்றேன். என் மானம் கப்பலேறப்போவது அப்போதே உறுதியாகிவிட்டது.

அவள் அதிகம் தேடியது நாற்பத்தொன்றாம் எண்ணை. இருப்பதிலேயே பொடிசு, இருப்பதிலேயே அதிகம் ஜோடி சேர்ந்ததும் அதுதான். அதை நான் கொல்லவில்லை. காகித உறையில் ஈரப் பஞ்சோடு வைத்திருந்தேன். மறுநாள் காலை அவள் வருமுன்பு, காலில் துளிப் பசை தொட்டு, ஒரு கோரைத்தண்டில் அதை உட்காரவைத்தேன். கரைக்கும் அந்தக் கோரைக்கும் நடுவே தண்ணீர் முழங்கால் அளவு மாதிரிதான் தெரியும். உள்ளே மணல் அள்ளிய கிடங்கு, ஆள் முழுகுகிற ஆழம். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்தும் நீச்சல் பழகாதவள்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அங்கே ஒரு பொடிசு தெரிகிறதே, எண் என்ன என்று பார் என்றேன். அவள் சிறகிலேயே கண்ணாகத் தண்ணீரில் இறங்கினாள். பாதித் தூரத்தில் எண் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

“சார், நம்ம பய உசுரோடதான் இருக்கான்.”

அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். அடுத்த எட்டில் கிடங்கு.

வலைக்கம்பு என் கையில் இருந்தது. நீட்டியிருந்தால் அவள் கைக்கு எட்டியிருக்கும். நான் நீட்டவில்லை. பாவி நான், தண்ணீர் அடங்கிய பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். சொர்ணாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எம் மவ பேரு அச்சுல வரணும் சார். அதுக்குத்தான இத்தன நாளா ஆத்துல கெடந்தா.” அன்றிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த அம்மாள் முகம்தான் எதிரே நிற்கிறது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். நான்தான் அவளைக் கொன்றேன். என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆற்றோர வேலையை எழுதி முடித்து அனுப்பினேன், போன வாரம் அச்சில் வந்துவிட்டது. பெரிய ஆண்தான் அதிக நாள் வாழும், அதிகம் ஜோடி சேரும் என்பது அதில் மறுபடி உறுதியாகியிருக்கிறது. செல்வமணி பெயரைத்தான் முதலில் போட்டேன், என் பெயர் அதற்குப் பின்னால்தான். ஏரலுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சொர்ணாம்பாள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குச் செய்ய வேண்டியதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.