சட்டைக்கு மட்டும் வாசனை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர், பெண் பார்க்கப் போகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர் புதுச் சட்டையின் வாசனைக்கு நான் ஜன்னலைத் திறந்தும் பிரயோஜனமில்லை.

"என்னடா மச்சான் அடிச்ச?" என்றார் கூட வந்தவர்.

"பாடி ஸ்ப்ரே, பர்ஃப்யூம், அத்தர். மூணும்."

"பாடி ஸ்ப்ரே பஸ் ஏறறதுக்குள்ள போயிடும். பர்ஃப்யூம் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். அத்தர் ஒரு சொட்டே ஜாஸ்திடா!"

"மீன் வாசனை தெரியக் கூடாதுல்ல? போன எடத்துல அதனாலதான் வேணாம்னுட்டாங்க."

"சரி, கழுத்துல அடிச்சியா, கையிலயா?"

"ஒடம்புல பட்டா அரிக்குது. எல்லாத்தையும் சட்டையிலதான் அடிச்சேன்."

"பொண்ண எங்க காட்டுறாங்க?"

"நடராஜர் கோயில்ல. ரெண்டு வீட்டாரும் கனகசபை மேடை மேல ஏறி சாமி கும்பிட்டுட்டு, அங்கயே பாத்துக்கலாம்னு மாமா சொன்னாரு."

"கனகசபை ஏறணும்னா ஆம்பளைங்க சட்டைய கழட்டணும்டா!"

புதுச்சத்திரம் தாண்டும்போது மாப்பிள்ளை தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கழட்டுன சட்டைய பொண்ணோட அப்பா கையில குடுத்து, செத்த நேரம் வச்சிருங்கன்னு சொன்னா தப்பா மச்சான்?"