என் தலைக்கு மேல் இருந்த சுவிட்ச்

இந்த அறை அமைதியாக இருக்கிறது, ஐயா. இப்படி ஓர் அறையைத்தான் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் ஃபோன் எடுத்து ஆர்டர் எழுதுவது என் வேலை. இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் அடிக்கும் முன், கிரீஸ் போக ஒரு ரசாயனத் தொட்டியில் முக்குவார்கள். அதன் ஆவியை வெளியே இழுக்கும் ஃபேன் என் மேசைக்குப் பின்சுவரில். சுவிட்ச் என் தலைக்கு மேல். அது ஓடினால், ஃபோனில் அறுபது என்பது எழுபதாகக் காதில் விழும். திட்டு எனக்கு. ஃபேனை மாற்றச் சொல்லி ஒன்பது முறை எழுதிக் கொடுத்தேன். "உன் காதுலதான்யா கோளாறு" என்றார் மேலாளர். காதைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

அதனால் ஃபோன் வரும்போது மட்டும் நிறுத்தினேன். பிறகு, வரப்போகிறது என்று தோன்றினாலும் நிறுத்தினேன். தொட்டியருகே நின்றவர்கள் தலை சுற்றுகிறது என்றார்கள். வெறும் வயிற்றோடு வந்தால் சுற்றாதா என்று கேட்டேன்.

மாதம் ஒருமுறை தொட்டியை வடித்து, அடியில் படிந்த கசடைச் சுரண்ட ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். அன்று இறங்கியவர் என் தங்கையின் கணவர். அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மச்சான், உள்ள இறங்குறேன். ஃபேனை மட்டும் நிறுத்திடாதீங்க, புண்ணியமாப் போகும்."

"நான் பாத்துக்குறேன் மாப்ள. நீங்க போங்க."

ஐந்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. பெரிய வாடிக்கையாளர், ஒருமுறை தப்பாக எழுதி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபேனை நிறுத்தினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தபோது, தொட்டியை உள்ளிருந்து தட்டும் சத்தம். விட்டு விட்டுக் கேட்டது. ஃபேன் ஓய்ந்தால் இது ஒன்றா என்று எனக்கு எரிச்சல். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். இருபது நிமிடம் பேசினோம். பாதியில் தட்டுவது நின்றுவிட்டது. ஆர்டரில் ஓர் எண்கூடப் பிசகவில்லை. ஃபோனை வைத்ததும் ஃபேனைப் போட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவர் கூப்பிடவே இல்லையா? உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

இல்லை என்றேன். அது பொய். கேட்டது, ஐயா, நன்றாகவே கேட்டது. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஃபேன் ஓடியிருந்தால் அவர் தட்டியது எனக்குக் கேட்டே இருக்காது.