நாற்பத்தேழில் ஒன்பது

சவரியம்மாளின் விலை ஒரு லட்சம். அந்த விலையை நான் வைக்கவில்லை சார், சர்க்கார் வைத்தது. சுனாமியில் போனவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று செக் கொடுத்தார்கள். நானாக இருந்தால் பேரம் பேசியிருப்பேன். அவள் புருஷன் குழந்தைசாமி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தான். பெண் ஜான்சியை நர்ஸ் படிக்கவைக்க அந்தப் பணம்.

நான் மரக்காணத்தில் உப்புத் தரகன். அப்பாவும் அதே. வாங்க வருகிறவன் "ஈரம் இருக்கா?" என்று கேட்டால், இருக்கிறது என்போம். கேட்காவிட்டால் எடை போடுவோம். பொய் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

பெரிய முதலியார்சாவடியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரனிடம் போக்கர் கற்றேன். ஐந்து சீட்டு வரும். பிடிக்காததை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஐந்தும் டைமன் என்பதுபோல ஒரே இனமாக அமைந்தால் பெரிய கை. உப்பளத்துச் சாக்குக் கொட்டகையில் குழந்தைசாமிக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அங்கே உப்பு வாருகிறவன், பெண்டாட்டி போனதிலிருந்து உப்புப் பாத்தியையே வெறித்துக்கொண்டிருந்தான். அவனைச் சிரிக்கவைத்த வேறு ஒரு ஆளைக் காட்டுங்கள்.

"நாலு டைமன் வந்து, ஒண்ணு மாத்தினா அமையுங்களாண்ணே?"

"ஏம்பா, டைமன் மொத்தம் பதிமூணு. நாலு உன் கையில. மிச்சம் ஒம்பது வெளியிலதான இருக்குது? நீ கேக்குறது ஒண்ணு. அதுக்கு ஒம்பது பேரு க்யூல நிக்கிறான்."

சிரித்தான். பணத்தைக் கட்டினான்.

நான் சொன்னதில் ஓர் எழுத்து பொய்யில்லை. அவன் பார்க்காத சீட்டு நாற்பத்தேழு, அதில் டைமன் ஒன்பது. மீதி முப்பத்தெட்டை நான் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. மாசியில் தொடங்கினோம், வைகாசிக்குள் செக் பணம் முழுக்க என்னிடம் வந்துவிட்டது. நான் மட்டும் முதல் கை சரியில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு பீடி பற்றவைப்பேன்.

ஜான்சிதான் கெடுத்தாள். பிளஸ் டூ படித்தவள். அப்பன் புலம்பியதைக் கேட்டு நோட்டில் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தத் தாளோடு குழந்தைசாமி உச்சி வெயிலில் கொட்டகைக்கு வந்தான். அந்நேரம் உப்பளத்தில் ஆள் இருக்காது.

"அஞ்சு வாட்டிக்கு ஒரு வாட்டிதான் வருமாமே. எம்பொண்ணு சொல்லுது. முப்பத்தெட்ட ஏன் முழுங்கின?"

"முழுங்கலப்பா. நீ கேக்கல."

"கட்ட எடு, எண்ணிடலாம். அப்புறம் ஊரைக் கூப்பிட்டு எண்ணலாம்."

சீட்டுக்கட்டு சாக்கு அடுக்கின் இடுக்கில் இருக்கும். அவனே கையை விட்டான். உள்ளே விரியன் பாம்பு இருந்தது, கடித்துவிட்டது.

"வண்டிய எடுங்கண்ணே," என்றான். மரியாதை திரும்பி வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கால்மணி நேரம். வண்டி வாசலில், சாவி என் சட்டைப்பையில்.

நீங்கள் பதறியிருப்பீர்கள். நான் கையைப் பார்த்தேன். பிழைக்க ஐந்தில் ஒன்று என்று வைத்தேன். பிழைத்தால் ஊருக்கு முன்னால் எண்ணுவான். இப்படி ஒரு கைக்கு விவரம் தெரிந்தவன் கட்டமாட்டான். கவிழ்த்தேன். வெளியே வந்து கதவைத் தாழிட்டு, பொழுது சாயும்வரை பீடி பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் எத்தனை தடவை தட்டினான் என்பதை மட்டும் எண்ணவில்லை.

நேற்று பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர் சொல்கிறார், நேரத்தோடு கொண்டுபோனால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்களாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லையே சார். நானும் கேட்கவில்லை. ஆக, அவன் கேட்காதது ஒன்று, நான் கேட்காதது ஒன்று. கணக்கு நேராகிவிட்டது. ஒரு லட்சம் மட்டும் என் பக்கம் நிற்கிறது. அது ஆட்டத்தில் வந்தது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.