அப்பா பின்னால வந்த பைரவர்

நாய்க்கு ‘வாங்க’, எனக்கு ‘ஏய்’! நீங்களே சொல்லுங்கக்கா, இது நியாயமா? இந்தக் கறுப்புப் பய சாப்பிட்டாதான் எங்க வீட்ல எனக்குச் சோறு. பாருங்க, உங்க காலடியில என்னமா படுத்துக்கிச்சு!

எங்கப்பா பஸ் கண்டக்டருங்க. வீட்லயும் டூட்டிதான். நாய் வளக்கலாமான்னு கேட்டேன். “நாயா? எடமில்ல, எடமில்ல! எறங்கு, எறங்கு! ரைட், போலாம்!” ஹி... விசில் அப்படியே வருதில்ல? மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்கூட திரும்பிப் பாக்கறாரு.

எங்க வேதா டீச்சர் வீட்டு நாய் நாலு குட்டி போட்டுச்சு. போய் நின்னேன். மூக்கால பேசுவாங்க, கேளுங்க. “கஸ்தூரீ... ரெண்டு மாசம் தாய்கிட்டயே இருக்கட்டும். அப்புறம் உங்கப்பா நேர்ல வந்து கேக்கணும். வீட்ல ஒருத்தருக்குப் புடிக்கலன்னாலும் குட்டி தரமாட்டேன்.” எங்கப்பாவாவது, வந்து கேக்கறதாவது!

அதனால... சொல்லிடட்டுமா? இதுக்கு ஊசி போடணும், நமக்கு முன்னாடி இன்னும் ஆறு மாடு நிக்குது, சொல்லிடறேன்.

அப்பா மாசாமாசம் அவரு நட்சத்திரத்தன்னிக்கு விடியகாலைல மலை சுத்தப் போவாரு. வெறுங்கால், வெறும் வயிறு. நானும் கூடப் போனேன். அவரு துண்டு முனையில... சிரிக்காதீங்க... ஒரு கருவாட்டுத் தலைய முடிஞ்சு வுட்டேன்! பொடி போட்டுப் போட்டு அவருக்கு மூக்கே செத்துப்போச்சு. அடி அண்ணாமலை ஊரத் தாண்டறப்ப இது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. அவரு நின்னா நிக்குது, கும்புட்டா உக்காருது. கோபுர வாசல் வரைக்கும் வந்துச்சுங்க! அப்பா கண்ணுல தண்ணி. “பைரவரே! என்னைத் தேடியா வந்தீங்க!”

ஒரு மாசமா ராஜமரியாதை. கட்டக்கூடாது, அதட்டக்கூடாது. “பைரவர் தூங்கறாரு, வாய மூடு!” ஆனா நான் ஸ்கூல் வுட்டு வந்தா தெருமுனையிலயே நிக்கும்க்கா, திருட்டு மூஞ்சி.

என்ன? யாரோட நாயா? தெருநாய்தாங்க... கழுத்துல ஒரு செவப்புக் கயிறு இருந்துச்சு. அறுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் நாலு வீடுதான், கேட்டிருக்கலாம். கேக்கல.

அக்கா... மடியில அது என்ன, சங்கிலியா? நாய் இல்லாமயா மாட்டாஸ்பத்திரிக்கு வந்தீங்க? காணாமப்போனத விசாரிக்கவா? எந்த ஊருன்னீங்க... அடி அண்ணாமலையா?

ஐயோ. நீங்க கூப்புட்டதும் என்னா ஆட்டு ஆட்டுது! இது இப்படி வாலாட்டி நான் பாத்ததே இல்லியே.

கூட்டிட்டுப் போங்கக்கா. சே, அழலீங்க! டீச்சர் மாதிரி மூக்கால பேசிப் பாத்தேன்.

அப்பாவா? பைரவர் மலைக்கே திரும்பிட்டாருன்னு சொல்லிக்கறேன். போறப்ப, ‘வேதா டீச்சர் வீட்டுக்கு நீயே நேர்ல போய் ஒரு குட்டி கேளு’ன்னு சொல்லிட்டுப் போனாருன்னும்...

அக்கா, நில்லுங்க! ஒண்ணே ஒண்ணு. பைரவருக்கு எப்படிக் குரல் வெச்சா எங்கப்பா நம்புவாரு?