மூணாவது அலசல்

— மூணாவது தடவையா அலசுறே. அதுல அப்படி என்னடி அழுக்கு?

— அழுக்கே இல்லக்கா. அதான் பிரச்சினை.

— புதுசா? கழுத்துல விலைச்சீட்டு தொங்குது பாரு.

— ஐயோ. அந்தக் கத்திரியை எடு.

— எத்தனை வாங்கினே?

— அஞ்சு. ஆப்ல தள்ளுபடியில டாப்ஸ் போட்டிருந்தான். அஞ்சும் சேர்த்து ஒரு நல்ல செருப்பு விலைகூட இல்ல.

— பிளாஸ்டிக் ஸ்ட்ரா போட்டதுக்கு ஜூஸ் கடைக்காரரோட சண்டைக்குப் போனவ நீ.

— குத்திக் காட்டாதக்கா. நாளைக்கு காலேஜ்ல துணிமாற்றுச் சந்தை. 'புதுசு வாங்காதே, இருக்கறதை மாத்திக்கோ.' ஆளுக்கு அஞ்சு பழைய துணி கொண்டுவரணும். எங்க பசுமை மன்றம்தான் நடத்துது.

— நீதானே அதுக்குத் தலைவி?

— போஸ்டர் எழுதினதே நான்தான்.

— அப்ப பழசை எடுத்துட்டுப் போறது.

— எது பழசு? என்கிட்ட இருக்கறது நாலு. நாலும் நீ போட்டுத் தேய்ச்சது. அதைக் குடுத்துட்டு மறுநாள் நான் எதைப் போட்டுக்கறது?

— அதையே சொல்லேன். 'எனக்கு நாலுதான், நான் வாங்கறதே இல்ல'ன்னு. கை தட்டுவாங்க.

— வாங்காம இருந்தா கை தட்டுவாங்க. வாங்க முடியலேன்னா உச்சு கொட்டுவாங்க.

— ம்.

— நீ பழைய துணி கோடவுன்ல தரம் பிரிக்கறவதானே. சொல்லு, இது இப்ப பழசாத் தெரியுதா?

— இல்ல.

— தொட்டுக்கூடப் பார்க்கலியே!

— தினம் ரெண்டாயிரம் துணி என் கையைத் தாண்டுது. தொடணுமா? துவைச்சா சாயம்தான் போகும். பழசாக உடம்பு படணும்டி. கக்கம் வெளுக்கணும், முழங்கை தளரணும்.

— இப்ப நான் என்ன பண்ண? அஞ்சையும் ஒண்ணுமேல ஒண்ணா மாட்டிக்கிட்டுப் படுக்கவா?

— படு. குளிருக்காவது ஆகும்.

— சிரிக்காத. தெரிஞ்சுபோச்சுன்னா அந்த வாசல்ல நான் காலெடுத்து வைக்க முடியாது.

— நான் சிரிக்கல.

— நெஜமாவே கண்டுபிடிச்சுடுவாங்களாக்கா?

— மாட்டாங்க.

— எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?

— போன வருஷச் சந்தையில யாரும் எடுக்காம மிஞ்சின ஏழு மூட்டையும் எங்க கோடவுனுக்குத்தான் வந்துச்சு. நான்தான் பிரிச்சேன். அதுல ஒண்ணுகூட ஒருத்தர் உடம்புலயும் பட்டதில்ல.