றொசாரியோ அக்கா பாடாமல் விட்ட தாங்கோஸ்

நீராவி நிறைந்த நிலவறையில் நான்கு தட்டுத் தாளத்தை நிலைநிறுத்திய நாயகியே! ஸ்பெயினின் எக்ஸ்ரமதுராவில் பிறந்து, ஜேர்மனியின் வுப்பர்டால் மருத்துவமனைச் சலவைப் பகுதியில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவராய் நின்ற றொசாரியோ அக்கா! வணக்கம்.

பிரியாவிடைக்கு வாசிக்கும் இந்த மடல் தமிழில்தான் வேண்டும் என்று கேட்டவர் நீங்களே. எழுதும் பொறுப்பைத் தோழியர் என்னிடம், கொறற்றியிடம், தந்தார்கள். உங்களுக்கு விளங்காத இடங்களை எங்கள் தோழி பிறேமா டொச் மொழியில் சொல்லுவாள். மேலாளருக்கு விளங்கக்கூடாத இடங்களை விட்டுவிடுவாள்.

உழைப்பின் உறுதியே! முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் நகரத்து நோயாளரின் விரிப்புகளை வெளுத்தீர்கள். மேலாளர் சற்றுமுன் உங்களை ‘நம்பகமான பணியாளர்’ என்றார். கோப்பியும் மெழுகுதிரியும் வைத்த கூடை ஒன்று தந்தார். உங்களுக்குப் பின் சலவையை வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கப்போவதையும், நீங்கள் பாடியதையும் அவர் சொல்லவில்லை.

பாட்டுக்கு ஊர் சொன்னவரே! துணி வண்டி தள்ளிய என் கணவர் வின்சன்ற், “அக்கா, தாங்கோ எண்டால் சோடியா ஆடுறதெல்லோ?” என்று கேட்டதும், எங்களிடம் பழகிய தமிழில், “அது ஆர்ஜென்டீனா, தம்பி. இது எங்கட ஸ்பெயின் பிளமெங்கோ. வாயை மூடிக்கொண்டு கையைத் தட்டுங்கோ” என்றீர்கள். தட்டத் தட்டத்தான் விளங்கியது. தாளம் ஸ்பெயின் எங்கும் ஒன்று. ஊரைக் குரல்தான் காட்டும். காடிஸ்காரர் பாடினால் குறும்பு துள்ளும். திரியானாவில் அடி கனக்கும். கிரனாடாவின் குகை வீடுகளில் சொல் தயங்கி இழுபடும். உங்கள் எக்ஸ்ரமதுராவிலோ, வரி முடிந்தது என்று நாங்கள் நினைக்கும்போது குரல் ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

“இது மலகா” என்று ஊரை ஊகிப்பார் என் கணவர். “கிரனாடா! காதுக்குள்ள என்ன, சோப்போ?” என்பீர்கள். “மன்னார்க்காரன்ர காது அக்கா, மெல்லத்தான் பிடிக்கும்” என்று சிரிப்பார்.

சென்ற ஆண்டு மாசியில் அவர் இறந்தார். அன்றே உங்கள் பாட்டும் நின்றது. தாங்கோஸ் கொண்டாட்டப் பாட்டு. துக்கம் காப்பவள் நிற்கும் இடத்தில் அதைப் பாடுவதில்லை என்பது உங்கள் ஊர் வழக்கமாம். எனக்கு அது தெரியாது. கணவனை இழந்தவள் பாட்டுக் கேட்டால் எங்கள் சனம் என்ன சொல்லும் என்று நானும் வாய் திறக்கவில்லை. ஆண்டு கழிந்த பிறகும் நீங்கள் பாடவில்லை. சென்ற வாரம்தான் ஏன் என்று கேட்டேன். “உனக்கு நோகும் எண்டு நினைச்சன், பிள்ளை” என்றீர்கள்.

நொந்தது அக்கா. பாட்டில்லாமல் நொந்தது. வீட்டில் அவர் இல்லை. நீங்கள் பாடியிருந்தால், அந்த நிலவறையில், உங்கள் குரலுக்குக் கீழே, அவர் பிழையாகத் தட்டிக்கொண்டு இன்னும் இருந்திருப்பார். மரியாதை என்று சொல்லி அந்த இடத்தையும் அடைத்துவிட்டீர்கள். பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று பிறேமா கேட்டாள். நாளை மறுநாள் நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். வேறெங்கே எழுதுவது?

முழங்கால் நோவு நீங்கி, பிறந்த மண்ணில் நெடுங்காலம் நலமாக வாழுங்கள் என்று மனமார வாழ்த்துகிறோம். கசப்போடுதான் வாழ்த்துகிறேன், ஆனாலும் வாழ்த்துகிறேன். இனி வாசிக்க ஒன்றுமில்லை. மடலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டப் போகிறோம். எக்ஸ்ரமதுராவைப் பாடுங்கள், அக்கா. நான் அழுதாலும் நிறுத்தாதீர்கள்.

சலவைப் பகுதித் தோழியர் சார்பில்,
கொறற்றி வின்சன்ற்
வுப்பர்டால், ஆவணி 2006